தெருவிளக்கு ஒருவருடையது, ஏரி இன்னொருவருடையது: தமிழ்நாட்டு உள்ளாட்சிக்கு ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக்கு அரசு இரண்டு வழியாக வந்து சேர்கிறது. ஒன்று வருவாய்த் துறை. அது கிராம நிர்வாக அலுவலரிடம், அதாவது ஊர் வழக்கில் வி.ஏ.ஓ.விடம், வந்து முடியும். மற்றொன்று ஊரக வளர்ச்சித் துறை. அது ஊராட்சி மன்றத் தலைவரிடம் வந்து முடியும். இரண்டுக்கும் மாவட்டத்தில் மேலே இருப்பவர் ஒரே ஆட்சியர் என்பதால், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அலுவலகம்போலத் தோன்றும். அதனால்தான் பட்டா மாறுதலுக்குத் தலைவர் வீட்டுக்கு நடப்பவர்களும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வி.ஏ.ஓ.விடம் மனு நீட்டுபவர்களும் இன்றும் உண்டு. இரண்டு பேரும் அந்த மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

உள்ளாட்சியைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு வேலையைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது யார் பொறுப்பு? இதற்கான பணம் யார் கையில்? இதைச் செய்யும் ஆள் யாருக்குக் கட்டுப்பட்டவர்? மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் வேலை தானாக நடக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான வேலைகளுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் வரும்.

இரண்டு வரிசைகள்

வருவாய்த் துறையின் வரிசை பழையது. மாவட்டம், அதற்குள் கோட்டாட்சியரின் கீழ் வருவாய்க் கோட்டம், வட்டாட்சியர் என்னும் தாசில்தாரின் கீழ் வட்டம், வருவாய் ஆய்வாளரின் கீழ் குறுவட்டம் (பிர்கா), கடைசியில் வி.ஏ.ஓ.வின் கீழ் வருவாய்க் கிராமம். நிலம், பட்டா, சிட்டா, அடங்கல், சாதி, வருமானச் சான்றுகள், புறம்போக்கு ஆக்கிரமிப்பு எல்லாம் இங்கே. இதில் யாரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர்.

ஊராட்சி வரிசை மூன்று அடுக்கு: மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி. கிராம ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். மாநிலம் முழுக்கச் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளும் 388 ஒன்றியங்களும் உள்ளன. மாவட்டங்கள் 38, சென்னை முழுவதும் நகரம் என்பதால் அங்கே மாவட்ட ஊராட்சி கிடையாது.

இரண்டு வரிசைகளின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமங்கள் வரலாம்; ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளுக்குள் பிரிந்தும் கிடக்கலாம். வட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் ஒரே பெயர் இருப்பதால் எல்லையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மனு எழுதும்போது ஊராட்சிப் பெயர், ஒன்றியப் பெயர், வருவாய்க் கிராமப் பெயர், வட்டப் பெயர் நான்கையும் எழுதுவது நல்லது. நிலம் சம்பந்தப்பட்டதானால் புல எண்ணையும் (சர்வே எண்) சேர்க்க வேண்டும்.

1993இல் என்ன மாறியது

ஊராட்சிகள் புதியவை அல்ல. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இங்கே ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் இருந்தன. ஆனால் தேர்தல் நடத்துவது மாநில அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. 1970இல் ஒரு தேர்தல், அடுத்தது 1986இல்! 1970இல் பிறந்த குழந்தை இடைப்பட்ட 16 ஆண்டுகளில் பத்தாம் வகுப்பையே எட்டியிருக்கும்.

இதற்கு முடிவுகட்டத்தான் அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் வந்தன. ஊரகத்துக்கான 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், நகரத்துக்கான 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுப் பதவிக்காலம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல், தேர்தலை நடத்தத் தனி மாநிலத் தேர்தல் ஆணையம், வரி வருவாயைப் பிரிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம், பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் எனப் பலவும் கட்டாயமாயின. தமிழ்நாடு 1994இல் தன் ஊராட்சிகள் சட்டத்தை இயற்றியது. 2016இல் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது.

கட்டாயமாகாத ஒன்றும் உண்டு. அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று வேளாண்மை முதல் தொடக்கக் கல்வி வரை 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டுவிட்டது. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. பெரும்பாலான பொருள்கள் இங்கே இன்னும் துறைகளிடமே இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையுடையது. நியாயவிலைக் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. தலைவர் அங்கே போய்க் கேட்கலாம், உத்தரவிட முடியாது.

நான்கு வாக்குச்சீட்டுகள்

ஊரகத் தேர்தலில் ஒரு வாக்காளர் நான்கு வாக்குகள் போடுகிறார்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக் குழு வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டின் நிறம் மாறும். முதல் இரண்டும் கட்சி சார்பற்ற தேர்தல். கட்சிச் சின்னம் கிடையாது. பின்னிரண்டும் கட்சி அடிப்படையில் நடப்பவை. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியிட 21 வயது நிறைந்திருந்தால் போதும்.

ஒன்றிய வார்டு ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று, மாவட்ட வார்டு 50,000 பேருக்கு ஒன்று. ஊரக மக்கள்தொகை 10 லட்சம் உள்ள மாவட்டத்தில் மாவட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ 20 பேர். 80,000 பேர் வாழும் ஒன்றியத்தில் ஒன்றிய உறுப்பினர்கள் 16 பேர். மாவட்ட உறுப்பினரின் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

மூன்று அடுக்கில் மாவட்ட ஊராட்சிதான் மிகவும் நோஞ்சான். 1958ஆம் ஆண்டு அமைப்பில் அப்படியொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அடுக்கே கிடையாது. மாவட்டத்தில் இருந்தது ஆட்சியர் தலைமையிலான ஆலோசனைக் குழு. அதனால் ஆள், கட்டடம், பொறியாளர் எல்லாம் ஒன்றியத்தில் வேர்விட்டுவிட்டன. மாவட்டத்தில் திட்டப் பணம் வந்து சேரும் இடம், ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை. மாவட்ட ஊராட்சிக் குழுத் தலைவருக்கு ஓர் அறை உண்டு, ஒரு செயலர் உண்டு. பெரிய திட்டங்கள் அந்த அறை வழியாகப் போவதில்லை.

தலைவரின் கையெழுத்து எவ்வளவு தூரம் செல்லும்

கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், சட்டப்படி ஊராட்சியின் நிர்வாக அதிகாரியும் அவரே. இருந்தாலும் அவர் கையை மூன்று இடங்களில் சட்டம் பிடித்துக்கொள்கிறது.

முதலாவது, காசோலை. 188ஆம் பிரிவின்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் வெளியே போகும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலில் எதிரணியில் நின்றவர் அந்தப் பதவிக்கு வந்துவிட்டால், கையெழுத்துப் போட மறுத்தே ஊராட்சியை முடக்கிவிட முடியும். தூய்மைப் பணியாளர் ஊதியம்கூட நின்றுபோகும். தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியலினத்தவருக்கோ ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் இந்தக் கையெழுத்து ஓர் ஆயுதமாகவே பயன்பட்டிருக்கிறது. முறைகேட்டைத் தடுக்க வைத்த இரட்டைப் பூட்டு, சாவியை யார் கையில் கொடுக்கிறது என்பதை யோசிக்காமல் வைத்த பூட்டு.

இரண்டாவது, ஆட்சியர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும் அவருடையதே. 205ஆம் பிரிவின் கீழ் தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதற்கு நடைமுறை இருக்கிறது: முதலில் குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்கும் அறிவிப்பு, பிறகு தாசில்தார் கூட்டும் ஊராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்களின் கருத்து, அதன் பிறகே ஆணை. அந்த ஆணையை எதிர்த்து அரசிடம் முறையிடலாம். ஆனால் மக்கள் வாக்களித்து அனுப்பியவரை ஓர் அலுவலர் நீக்க முடியும் என்ற அமைப்பு சட்டமன்ற உறுப்பினருக்கோ நாடாளுமன்ற உறுப்பினருக்கோ கிடையாது.

மூன்றாவது, ஊராட்சிகளை மேற்பார்வை செய்யும் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இவர்கள் இருவர். பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் ‘வ.ஊ.’ என்றிருப்பவர் ஒன்றியத்தின், அதாவது வட்டார ஊராட்சியின், வேலைகளைப் பார்ப்பவர். ‘கி.ஊ.’ என்றிருப்பவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர். ஊராட்சிப் பணி பற்றிய மனு ‘கி.ஊ.’ மேசைக்குப் போக வேண்டும். ‘வ.ஊ.’ மேசையில் வைத்த மனு தொலைந்துபோகாது. பக்கத்து அறைக்குப் போகச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எது யாருடையது

சாலையிலிருந்து தொடங்கலாம். ஊருக்குள் இருக்கும் தெருவும் குக்கிராமத்துக்குப் போகும் இணைப்பும் பெரும்பாலும் கிராம ஊராட்சிச் சாலை. ஊர்களை இணைக்கும் சாலைகள் பல ஒன்றியச் சாலைகள். இதர மாவட்டச் சாலை, முக்கிய மாவட்டச் சாலை, மாநில நெடுஞ்சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. பேருந்து ஓடும் சாலையில் பள்ளம் விழுந்தால் அது தலைவரின் பொறுப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. சந்தேகம் இருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கிறது; எந்தச் சாலை யாருடையது, நீளம் எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டது என்பது அதில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத சாலைக்குத் திட்டத்தில் பணம் கேட்பது கடினம். புதிதாக உருவான தெருக்கள் ஆண்டுக்கணக்கில் மண்ணாகவே கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

நீர்நிலைகளை ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலத்தின் பரப்பை, வைத்துப் பிரித்திருக்கிறார்கள். 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர், அல்லது அதற்குமேல் பாசனம் தரும் ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்த சிறுபாசன ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊருணியும் குளமும் குட்டையும் பொதுவாகக் கிராம ஊராட்சியின் பராமரிப்பில் வரும். ஆனால் ஏரிக்குள் யாராவது வீடு கட்டினால், அது யார் பராமரிக்கும் ஏரியாக இருந்தாலும், நிலத்தை அளந்து எல்லை காட்ட வேண்டியது வருவாய்த் துறை. தூர்வாரும் துறையும் அளக்கும் துறையும் வேறு என்பதால், ஆக்கிரமிப்பு மனுவை இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் நகல் இணைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதுவது பயன்தரும்.

குடிநீரில் பொறுப்பு நடுவழியில் கைமாறும். ஆற்றிலிருந்து பல ஊர்களுக்குக் குழாய் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துடையது. ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் விழுந்த பிறகு ஊராட்சியுடையது: தொட்டி கழுவுவது, குளோரின் கலப்பது, தெருக்குழாய், வீட்டு இணைப்பு எல்லாம். தொட்டிக்கே தண்ணீர் வரவில்லையா, தொட்டி நிறைந்தும் தெருவுக்கு வரவில்லையா என்று முதலில் பார்த்துவிட்டால் யாரைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். தொட்டி இயக்குபவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

தெருவிளக்கு ஊராட்சியுடையது, கம்பமும் மின்சாரமும் மின்வாரியத்துடையவை. ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கட்டடத்தை ஒன்றியம் பராமரிக்கும். ஆசிரியரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் கல்வித் துறை.

பணம் வரும் வழி

ஊராட்சி தானே வசூலிக்கும் முக்கிய வரி வீட்டுவரி. அடுத்தது தொழில்வரி, அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு அதற்கு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இவற்றோடு குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், விளம்பர வரி, குத்தகை வருமானம். சொத்து விற்கும்போது கட்டும் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையில் 2 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குரிய கூடுதல் தீர்வை. பதிவுத்துறை வசூலித்துப் பிறகு பிரித்துத் தருகிறது. நெடுஞ்சாலையோரத்தில் தொழிற்சாலையும் மனைப்பிரிவும் உள்ள ஊராட்சிக்கும் மானாவாரி ஊராட்சிக்கும் இந்த வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும்.

சிறிய ஊராட்சிகள் பிழைப்பது பகிர்வுப் பணத்தில். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில், கழிவுகள் போக 10 விழுக்காடு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊரக, நகர உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அதற்குமேல் மத்திய நிதி ஆணைய மானியம். 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதி ஆணையக் காலத்தில், ஊரக மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் பாதிப் பாதியாக மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிவைத்தார்கள். மீதி 40 விழுக்காட்டை ஊர்த்தேவைக்குச் செலவிடலாம், ஊதியத்துக்கு மட்டும் கூடாது. ஆக, வங்கியில் பணம் இருந்தும் சாலை போட முடியவில்லை என்று ஒரு தலைவர் சொன்னால் அது எப்போதும் சாக்கு அல்ல.

கணக்குகளும் தனித்தனி. முதல் கணக்கு பொதுநிதி: வரி, பகிர்வு, பணியாளர் ஊதியம், அன்றாடச் செலவு. இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும். மூன்றாவது திட்டப் பணத்துக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் செலவழிப்பது தணிக்கைத் தடையில் போய் நிற்கும். கிராம சபையில் வரவு செலவைப் படிக்கும்போது, எந்தக் கணக்கு என்று கேட்காமல் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டால் ஒன்றும் புரியாது. தெருவிளக்குக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் போகும் மின்கட்டணம் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய மோட்டாரை மாற்றாமல் விட்டதன் விலை அந்த எண்ணில் இருக்கும்.

இவற்றோடு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி ரூபாய். இவர்கள் பணியைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஊரகத்தில் அந்தப் பணிகளும் ஊரக வளர்ச்சி முகமை, ஒன்றியம் வழியாகத்தான் நடக்கும். பேருந்து நிழற்குடையில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்கும் யார் பணம் என்பதற்கும் தொடர்பு உண்டு. அந்தப் பணம் வரியாக யாரிடமிருந்து வந்தது என்பதைப் பெயின்டர் எழுதுவதில்லை.

ஒரு சிமென்ட் சாலை எப்படி உருவாகிறது

கிராம சபையில் தீர்மானம் வருகிறது. அது ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் ஏறுகிறது. ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர் (ஓவர்சியர்) வந்து அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி தருகிறார். தொகையையும் திட்டத்தையும் பொறுத்து உரிய அதிகாரி நிர்வாக அனுமதி தருகிறார். பிறகு ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை. வேலை நடக்கும்போது பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில், புழக்கத்தில் ‘எம்-புக்’, பதிகிறார். அந்தப் பதிவின்படிதான் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் (பில்) தொகை கிடைக்கும்.

இதில் பொறியாளர் ஒன்றியத்தின் ஆள், ஊராட்சியின் ஆள் அல்லர். ஒரே மேற்பார்வையாளர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார். அவர் வந்து அளக்கும்வரை மதிப்பீடு கிடையாது, மதிப்பீடு இல்லாமல் எதுவும் நகராது. பொறுப்பு ஓரிடம், ஆள் வேறிடம் என்பதன் விளைவு இது.

பணி சிக்கிக்கொள்ளும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். தீர்மானத்தில் ‘மேலத்தெருவுக்குச் சாலை’ என்று மட்டும் இருக்கும். எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர் என்று இருக்காது. அளக்க வருபவர் தன் விருப்பப்படி அளப்பார், பாதியில் முடியும் சாலை கிடைக்கும். இல்லையென்றால், பாதையின் நடுவே பத்தடி பட்டா நிலமாக இருக்கும். பணி ஆணைக்குப் பிறகுதான் அது தெரியவரும், உரிமையாளர் தடையாணை வாங்குவார். தீர்மானம் போடுவதற்கு முன்பே வி.ஏ.ஓ.விடம் புல வரைபடம் வாங்கிப் பார்த்தால் தவிர்க்கக்கூடிய தொல்லை. மூன்றாவது, வடிகால் இல்லாமல் சாலையை மட்டும் உயர்த்துவது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீட்டு வாசலைவிடச் சாலை உயர்ந்துபோன தெருக்கள் நிறைய. மதிப்பீட்டில் வடிகால் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும், கான்கிரீட் கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கிராம சபை

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். முன்பு ஆண்டுக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறு. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்குமேல் 300.

வந்தவர்கள் தேநீர் குடித்து, வெற்றுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக, தீர்மானங்கள் பிறகு எழுதப்படும் ஊர்களும் உண்டு. அதைத் தடுக்க எளிய வழி: உங்கள் தீர்மானத்தை இடம், அளவு, காரணம் சேர்த்து முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், கூட்டத்திலேயே படித்து, பதிவேட்டில் எண்ணோடு ஏறிய பின் கையெழுத்திடுவது. தீர்மான நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டுப் பெறலாம்.

ஊர் நகரமாகும்போது

நகர்ப்பக்கம் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என மூன்று வகை. பேரூராட்சிகள் ஏறக்குறைய 490, மாநகராட்சிகள் 25. இவை அடுக்குகள் அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனி. பேரூராட்சியில் செயல் அலுவலர், மற்ற இரண்டில் ஆணையர். 1998இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் மக்கள் கவுன்சிலர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். மேயரையும் தலைவரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

அருகிலுள்ள மாநகராட்சியோடு ஊராட்சியை இணைக்கும் அறிவிப்பு வந்தால் ஊரே எதிர்த்து நிற்பதைப் பார்க்கலாம். காரணம் ஊர்ப்பற்று மட்டுமல்ல. ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் நகர எல்லைக்குள் கிடையாது. சொத்துவரி உயரும். கிராம சபை போய்விடும். அதன் இடத்தில் வரும் பகுதி சபைக்கு அந்தப் பழக்கமும் பலமும் இன்னும் வரவில்லை. பதிலுக்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் பாதாளச் சாக்கடையும் குடிநீரும் வர ஆண்டுகள் ஆகும், வரி மட்டும் அடுத்த அரையாண்டே வரும்.

மாவட்டத்தின் வளர்ச்சியை யார் திட்டமிடுகிறார்கள்

அரசியலமைப்பின் 243 இசட்டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழு ஒன்று வேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகரங்களும் போடும் திட்டங்களை ஒன்றாக்கி மாவட்டத் திட்ட வரைவு தயாரிப்பது அதன் வேலை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சி உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சிக் குழுத் தலைவர் இதன் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். ஆட்சியர் இரண்டாம் நாற்காலியில் உட்காரும் அரிய இடம் இது. ஆனால் குழுவிடம் பிரித்துக்கொடுக்கத் தன் பணம் இல்லை. துறைகளின் திட்டங்கள் சென்னையிலேயே முடிவாகி வருகின்றன. வரைவை ஏற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை.

உண்மையான வட்டார வளர்ச்சி முடிவுகள் வேறிடங்களில் நடக்கின்றன. தொழிற்பேட்டை எங்கே வரும் என்பதில், 1971இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனமான சிப்காட்டுக்குப் பெரும்பங்கு. அதே ஆண்டில் அமைந்த மாநிலத் திட்டக் குழு பின்தங்கிய பகுதிகளைக் கண்டறிந்து பரிந்துரைக்கிறது. அதற்கென 2012-13இல் ஒரு சமச்சீர் வளர்ச்சி நிதியும் தொடங்கப்பட்டது. மாவட்டச் சராசரி நன்றாக இருந்தாலும் உள்ளே சில ஒன்றியங்கள் பின்தங்கியிருக்கும் என்பதால், அந்த நிதிக்கு மாவட்டத்தை விட்டு ஒன்றியத்தை அளவுகோலாக எடுத்தது சரியான முடிவு. மத்திய அரசு 2018இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தின் 112 மாவட்டங்களில் இங்கிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் இருக்கின்றன. புதிதாகப் பெரும்பணம் தரும் திட்டம் அல்ல அது. இருக்கும் திட்டங்களை ஒருங்கிணைத்து, சுகாதாரம், கல்வி, நீர் போன்றவற்றில் 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்துவது.

நிலப் பயன்பாடு இன்னொரு கை. சென்னைப் பெருநகரப் பகுதிக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.); அந்தப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022இல் அறிவிப்பு வந்தது. மற்ற இடங்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.). மனை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மனைப்பிரிவுக்குத் தலைவரின் முத்திரை மட்டும் இருந்தால் அது அங்கீகாரமே அல்ல. தொழில்நுட்ப ஒப்புதல் சி.எம்.டி.ஏ.விடமோ டி.டி.சி.பி.யிடமோ பெற்றிருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த மனைக்கு அந்த வழி கிடையாது.

தேர்தல் நடக்காத காலம்

பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் என்பது அரசியலமைப்பின் ஆணை. 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிகளுக்கு, 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் தேர்தல் நடந்தது. வார்டு எல்லை மறுவரையறை அப்போது முடிந்திராத 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9. நகரங்களில் 2022. இடையில் மத்திய நிதி ஆணைய மானியம் தடைபட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு அந்தப் பணம் வராது என்பது நிபந்தனை. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குப் பதிலாக உள்ளாட்சியை நடத்தும் தனி அலுவலர்கள் மீண்டும் வந்தார்கள்.

கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்பவர் பெரும்பாலும் ‘கி.ஊ.’ வட்டார வளர்ச்சி அலுவலர். அதாவது மேற்பார்வை செய்தவரே நடத்துபவராகவும் ஆகிறார், அதுவும் ஒரே நேரத்தில் பத்து இருபது முப்பது ஊராட்சிகளுக்கு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சிச் செயலரிடம் சொல்லலாம், ஆனால் செலவுக்கு ஒப்புதல் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வர வேண்டும். மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர் பட்டியல் இருக்கும்வரை அது இருக்கிறது. கூட்ட வேண்டிய பொறுப்பு தனி அலுவலருடையது, தேதிகளும் அதே தேதிகள்தான்.